மொன்சூன்: ஒரு சொல்லின் கதையும் நமது விதைப்புக் கணக்கும்

கல்முனைப் பகுதியில் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுடன் நாம் கூடியிருந்த ஒரு மாலைப் பொழுதில், வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் எம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பிமாரே, வைகாசி பிறந்தா றேடியோவில மொன்சூன் தொடங்கிட்டெண்டு சொல்றாங்க. நம்மட வட்டையில கச்சான் அடிச்சி மண் வெடிச்சிக் கிடக்கு. அப்ப இந்த மொன்சூன் ஆருக்கு வந்த மொன்சூன்?"

கூடியிருந்தோர் சிரித்தனர். ஆயினும் அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வியன்று. ஒரே சொல்லை வானொலி ஒரு பொருளிலும், பாடசாலைப் புத்தகம் இன்னொரு பொருளிலும், விவசாயி வேறொரு பொருளிலும் விளங்கிக்கொண்டால், அதனால் நட்டப்படுபவர் விவசாயியே. சொந்த வயலை விட்டு வந்து, அறியாத ஊரில் குத்தகைக் காணி செய்வோருக்கும், பல வருடங்களின் பின் பழைய வயலுக்குத் திரும்புவோருக்கும் இந்த நட்டம் இரட்டிப்பாகும். ஆகவே இவ்விதழில் மொன்சூன் என்ற ஆங்கிலச் சொல் எங்கே பிறந்தது, என்ன பொருளைக் கொண்டது, நமது விதைப்புக்கு அது எதைக் கற்றுத் தருகிறது என்பவற்றை ஆராய்வோம்.

சொல் பிறந்த இடம்

மொன்சூன் என்பதை நாம் ஆங்கிலச் சொல் என்றே எண்ணுகிறோம். உண்மையில் அது அரபு மொழியிலிருந்து புறப்பட்ட சொல்லாகும். அரபியில் அதன் வடிவம் "மவ்ஸிம்" என்பதாகும். மத்திய கிழக்கு நாடுகளில் வேலை செய்து திரும்பிய நமது சகோதர சகோதரிகளுக்கு இச்சொல் பழக்கமானதே. ஹஜ் காலத்தை அங்கே ஹஜ் மவ்ஸிம் என்பர். பேரீச்சம்பழம் பறிக்கும் காலத்துக்கும் மவ்ஸிம் என்ற சொல்லையே பயன்படுத்துவர். குறிக்கப்பட்ட காலம், ஒரு காரியத்துக்கென நியமிக்கப்பட்ட காலம் என்பதே அதன் பொருள். மழை என்ற பொருளோ காற்று என்ற பொருளோ தொடக்கத்தில் அதற்கு இருக்கவில்லை.

அச்சொல்லின் வேரை இன்னும் ஆழமாகத் தோண்டினால் "வஸ்ம்" என்ற சொல் வெளிப்படும். வஸ்ம் என்றால் அடையாளக்குறி. அரபு நாட்டு மக்கள் தமது ஒட்டகங்களின் உடலில் இரும்பைக் காய்ச்சிச் சுட்டு வைத்த குறிக்கு வஸ்ம் என்று பெயர். இது நமக்குப் புதிய செய்தியல்ல. நமது பகுதியிலும் மாட்டுக்குக் குறிசுடும் வழக்கம் உண்டு. பட்டியை விட்டு மாடு வழிதவறிப் போனாலும், குறியைக் கண்டவர் அது எவருடைய மாடு என்று சொல்லிவிடுவார். இடப்பெயர்வின்போது பட்டியோடு மாடுகளை விட்டுவிட்டு ஓடிவந்தவர்களுக்கு, அந்தக் குறியின் பெறுமதி நன்கு தெரியும்.

அரேபியாவில் கோடை முடிந்து விழும் முதல் மழைக்கு "வஸ்மீ" என்று ஒரு பெயர் உண்டு. வறண்ட தரையில் புல் பூண்டுகளை முளைக்கச் செய்து, நிலத்தில் அந்த மழை ஓர் அடையாளத்தை இடுகிறது. அதனால் அப்பெயர் வந்தது என்று அரபு அகராதி ஆசிரியர்கள் விளக்கம் தருவர்.

ஆகவே மாட்டின் உடலில் குறி இருப்பதுபோல, ஓடுகின்ற வருடத்தின் உடலில் இடப்பட்ட குறியே மவ்ஸிம் எனலாம். நமது "பருவம்" என்ற சொல்லும் இதற்கு நெருக்கமானதே. அது பர்வ என்ற வடசொல்லோடு தொடர்புடையது. கரும்பிலும் மூங்கிலிலும் உள்ள கணுவையும் அச்சொல் குறிக்கும். கணு எவ்வாறு தண்டைப் பகுதி பகுதியாகப் பிரிக்கின்றதோ, அவ்வாறே பருவம் வருடத்தைப் பிரிக்கின்றது.

கடல் வழியே வந்த சொல்

இச்சொல் நிலத்திலிருந்து கடலுக்கு எப்படி வந்தது? அக்காலத்தில் பாய்க்கப்பல் ஓட்டியவர்களுக்குக் காற்றே இயந்திரம். அரபிக் கடலில் ஆண்டின் ஒரு பாதியில் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். மறுபாதியில் வடகிழக்கிலிருந்து வீசும். போவதற்கு ஒரு காற்று, திரும்புவதற்கு இன்னொரு காற்று. தவறான மாதத்தில் பாய் விரித்தவர் ஒன்றில் கடலில் அழிந்தார், அல்லது அந்நியத் துறைமுகத்தில் அடுத்த காற்று வரும்வரை மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்.

ஆகவே அரபு மாலுமிகள் இன்ன துறையிலிருந்து இன்ன துறைக்குப் புறப்பட இன்னதே காலம் என்று கணித்து வைத்திருந்தனர். அந்தப் புறப்படும் காலத்தையே மவ்ஸிம் என்றனர். இப்னு மாஜித் என்ற புகழ்பெற்ற மாலுமி கி.பி. 1490 அளவில் எழுதிய கடற்பயண நூலில் இத்தகைய மவ்ஸிம்களை விரிவாக விளக்கியுள்ளார். அவர் பிறந்த ஜுல்பார், இன்றைய ஐக்கிய அரபு இராச்சியத்தின் ராஸ் அல் கைமாப் பகுதியிலுள்ளது. நமது சம்மாந்துறையின் பெயருக்கும், சம்பான் எனும் ஓடங்கள் வந்து தங்கிய துறை என்று பொருள் சொல்வோர் உளர்.

போர்த்துக்கேயர் இந்தக் கடலுக்கு வந்தபோது அரபு மாலுமிகளிடமிருந்து வழியையும் கற்றனர், சொல்லையும் கற்றனர். அவர்களுடைய வாயில் மவ்ஸிம் என்பது "மொன்சாவ்" ஆயிற்று. 1505 இல் அவர்கள் இலங்கைக்கு வந்தனர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவர் 1602 மே மாத இறுதியில் நமது கிழக்குக் கரையிலே, மட்டக்களப்பில் வந்திறங்கினார். ஒல்லாந்தர் அச்சொல்லை "மொன்சூன்" என்று வழங்கினர். 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரும் அதை எடுத்துக்கொண்டனர்.

இதே அரபுச் சொல் வேறு வழிகளாலும் பரவியது. இந்தியிலும் உருதுவிலும் "மௌசம்" என்றால் காலநிலை. மலாய் மொழியில் "முசிம்" என்றால் பருவகாலம். துரியான் பழம் பழுக்கும் காலத்தை அவர்கள் முசிம் துரியான் என்பர். சிங்கள வானிலைச் செய்தியில் நாம் கேட்கும் "மோசம" என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் நாம் தமிழில் சொல்லும் "மோசம்" வேறு வேரிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, மழை என்றாலே மோசம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்!

ஒரு சொல், மூன்று பொருள்

இன்று ஆங்கிலத்தில் மொன்சூன் என்ற சொல் மூன்று பொருள்களில் வழங்குகின்றது.

முதலாவது, ஆண்டில் இரு தடவை திசை மாறி வீசும் காற்று. வானிலை அறிஞர்கள் முதன்மையாகக் கொள்ளும் பொருள் இதுவே. இரண்டாவது, அந்தக் காற்று வீசும் காலம். மூன்றாவது, அந்தக் காற்றுக் கொண்டுவரும் மழை. சாதாரணப் பேச்சிலும் பத்திரிகைகளிலும் இம்மூன்றாவது பொருளே மிகுதியாக வழங்குகின்றது.

முதியவரின் கேள்விக்கு விடை இங்கேதான் உள்ளது. மே மாத இறுதியில் தென்மேற்கு மொன்சூன் தொடங்கிவிட்டது என்று வானொலி சொல்லும்போது, காற்று திசை மாறிவிட்டது என்பதே அதன் பொருள். இரத்தினபுரியில் இருப்பவருக்கு அக்காற்று மழையைக் கொடுக்கும். கல்முனையில் இருப்பவருக்கு அதே காற்றுத்தான் கச்சான். அறிவிப்பிலே பொய்யில்லை. ஆனால் அது மழையைப் பற்றிய அறிவிப்பு என்று நாம் விளங்கிக்கொண்டதே பிழை.

காற்று ஏன் திரும்புகிறது?

கரையோரத்தில் வாழ்வோர் இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். பகலிலே மணல் காலைச் சுடும். கடல்நீரோ அவ்வளவு சுடாது. தரையின் மேலுள்ள காற்று சூடேறி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவிலே தரை விரைவாகக் குளிர்ந்துவிடும். அப்போது காற்று தரையிலிருந்து கடலை நோக்கிச் செல்லும். தோணிக்காரர் இந்தத் தரைக்காற்றை அறிந்தே விடியுமுன் கடலில் இறங்குவர்.

ஒரு நாளில் நமது கரையில் நடப்பது, ஓர் ஆண்டில் ஆசியாக் கண்டம் முழுவதற்கும் நடக்கின்றது. கோடையில் கண்டம் சூடேறும்போது இந்து சமுத்திரத்திலிருந்து காற்று உள்ளே வருகிறது. மாரியில் கண்டம் குளிரும்போது காற்று அங்கிருந்து சமுத்திரத்தை நோக்கித் திரும்புகிறது. பூமி சுழல்வதனால் அக்காற்று நேராகச் செல்லாது வளைந்து, ஒரு காலத்தில் தென்மேற்கிலிருந்தும் மற்றக் காலத்தில் வடகிழக்கிலிருந்தும் நம்மை வந்தடைகின்றது. சூரிய வெப்பத்தைக் கொண்டு இக்காற்றுகளுக்கு விளக்கம் கூற முயன்றவர் எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கில விஞ்ஞானி. 1686 இல் அவர் தமது கட்டுரையையும் காற்றுகளின் படத்தையும் வெளியிட்டார். பிற்காலத்தில் அந்த விளக்கம் திருத்தப்பட்டு விரிவடைந்தது.

தென்மேற்குக் காற்று ஈரத்தோடுதான் இலங்கையை அடைகிறது. நடுவே நிற்கும் மலைநாடு அதை மறித்து மேலே தள்ள, மேற்குச் சரிவிலேயே மழை கொட்டிவிடுகிறது. கினிகத்தனை போன்ற இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும். ஈரத்தை இழந்த அந்தக் காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது, இறங்க இறங்கச் சூடேறி, வறண்ட கச்சானாக நமது வட்டைகளின் மேல் வீசுகிறது. அம்பாறைக் கரையோரம் உலர் வலயத்தில் அடங்குவதற்கு இது முக்கிய காரணமாகும்.

நமது கரையின் நான்கு காலங்கள்

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்கு காலங்களாகப் பிரிக்கின்றது.

1. முதலாவது இடைப்பருவம்: மார்ச், ஏப்ரல். பிற்பகலில் இடியுடன் கூடிய மழை சில இடங்களில் பெய்யலாம்.

2. தென்மேற்குப் பருவக்காற்று: மே முதல் செப்டெம்பர் வரை. நமக்குக் கச்சானும் வறட்சியும். சிறுபோகம் குளத்து நீரை நம்பியே நடக்கிறது.

3. இரண்டாவது இடைப்பருவம்: ஒக்டோபர், நவம்பர். நமது முதல் மாரி மழை இக்காலத்தில் விழுகிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் தோன்றுவதும் இக்காலத்திலேயே.

4. வடகீழ்ப் பருவக்காற்று: டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை. நமது மாரியின் இரண்டாம் பகுதி.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. விவசாயி மாரி என்று ஒரே சொல்லால் சொல்வதைத் திணைக்களம் இரண்டு காலங்களாகப் பிரித்துச் சொல்கிறது. பெரும்போக விதைப்புக்கு வேண்டிய மழை, வடகீழ்ப் பருவக்காற்று என்று பெயர் பெறுமுன்பே, ஒக்டோபரில் தொடங்கிவிடுகிறது. இந்தியாவிலோ ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள காலத்தையே வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பர். எனவே தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் ஒக்டோபரில் கேட்கும் செய்தியும், நமது திணைக்களம் டிசெம்பரில் சொல்லும் செய்தியும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. கணக்கு மட்டுமே வேறு.

ஆபத்துகளும் இவ்விரு பகுதிகளிலும் வெவ்வேறானவை. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பையும் அயற்பகுதிகளையும் அழித்த சூறாவளி இரண்டாவது இடைப்பருவத்தில் வந்தது. 2024 நவம்பர் 26 இல், காரைதீவு – மாவடிப்பள்ளிப் பகுதியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அகப்பட்டு, பிள்ளைகள் உயிரிழந்த துயரமும் அந்தக் காலத்திலேயே நடந்தது. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை மூழ்கடித்த பெருவெள்ளமோ, அறுவடையை எதிர்பார்த்து நின்ற வேளாண்மையை வடகீழ்ப் பருவக்காற்றின் நடுவில் அழித்தது.

ஒரு குடும்பத்தின் நட்டம்

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 1990 இல் தனது வயலை விட்டு வெளியேறியது. யுத்தம் 2009 இல் முடிந்தபின் அவர்கள் திரும்பிச் சென்று காடு வெட்டி வரம்பு கட்டினர். வாய்க்கால் நீர் எட்டாத, மழையை நம்பிய காணி அது. தந்தையார் இடம்பெயர்ந்த ஊரிலேயே காலமாகிவிட்டார். பிள்ளைகள் வயலின் மணத்தை மறந்து வளர்ந்தவர்கள். "வடகீழ்ப் பருவக்காற்று டிசெம்பரிலே நிலைகொள்ளும்" என்று வானொலியில் கேட்டு, அதுவே மழையின் தொடக்கம் என்று எண்ணிக் காத்திருந்தனர்.

ஒக்டோபரில் அயலவர் விதைத்தனர். நவம்பர் மழையில் இவர்களுடைய வயலில் தண்ணீர் நின்றது. வெள்ளம் நின்ற வயலில் வீச்சு விதைப்புச் செய்ய இயலாது. டிசெம்பர் 10 அளவில் நீரை வடித்து, கையிலிருந்த மூன்றரை மாத நெல்லை விதைத்தனர். அடுத்த மழையில் ஒரு பகுதி அள்ளுண்டு போயிற்று. எஞ்சிய பயிர் முற்றுவதற்கு மார்ச் 25 வரை செல்ல வேண்டும். பெப்ரவரியோடு மழை நின்றது. கதிரில் பால் ஏறும் நேரத்தில் மண் காய்ந்தது. பதரைத்தான் தூற்றினர். பட்ட கடனை அடைக்க மூத்த மகள் வெளிநாடு சென்றாள்.

இது வானொலியின் குற்றமன்று. அந்தப் பிள்ளைகளின் சோம்பலுமன்று. இடப்பெயர்வு ஒரு குடும்பத்தின் காணியை மட்டும் பறிப்பதில்லை. தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுக்கும் காலக்குறிகளையும் அது பறித்துவிடுகிறது. இவ்வறிவை மீண்டும் சேகரிப்பது, வீடு கட்டுவதைப் போலவே அவசியமான புனர்வாழ்வு வேலையாகும்.

பின்னோக்கி எண்ணும் கணக்கு

அரபு மாலுமி, போய்ச்சேர வேண்டிய துறையை மனதில் வைத்தே புறப்படும் நாளைக் கணித்தார். நாமும் அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். நமது கரையில் பெப்ரவரித் தொடக்கத்தில் வேளாண்மை வெட்டலாம் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றரை மாத நெல், 105 நாள்: ஒக்டோபர் 20 இல் விதைத்தால் பெப்ரவரி 2 இல் முற்றும்.

மூன்று மாத நெல், 90 நாள்: நவம்பர் 5 இல் விதைத்தால் பெப்ரவரி 3 இல் முற்றும்.

இரண்டரை மாத நெல், 75 நாள்: நவம்பர் 20 இல் விதைத்தால் பெப்ரவரி 3 இல் முற்றும்.

மூன்றும் ஏறக்குறைய ஒரே நாளில் முடிவதைப் பாருங்கள். ஆகவே ஏதோ காரணத்தால் வயலுக்குப் பிந்திப் போனவர், பிந்திய நாட்களை விதையின் வயதிலிருந்து கழிக்க வேண்டும். பிந்திப் போய், நீண்ட வயதுள்ள நெல்லை விதைப்பதே மேலே சொன்ன குடும்பத்துக்கு நேர்ந்த தவறு. குறுகிய வயது நெல்லில் விளைச்சல் சற்றுக் குறையலாம். ஆனால் பதரைத் தூற்றுவதிலும் குறைந்த விளைச்சல் மேலானது. விதை நெல் வாங்கும்போது பெயரை மட்டும் கேட்காமல் வயதையும் கேளுங்கள். உங்கள் மண்ணுக்கும் நீருக்கும் பொருத்தமான இனத்தை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இஸ்லாமிய வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைந்தது. ஆகவே ஹஜ் மவ்ஸிம் மாரியிலும் வரும், கோடையிலும் வரும். ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். கடந்த ஆண்டு நோன்புப் பெருநாளைக்கு எத்தனை நாள் முன்பு விதைத்தோம் என்று நினைவு வைத்தால் கணக்குப் பிழைத்துவிடும். விதைப்புக்குப் புரட்டாதி, ஐப்பசி என்ற சூரிய மாதங்களையோ ஆங்கிலத் திகதியையோ பிடித்துக்கொள்வதே சரி.

புதிய இடத்தின் குறிகள்

காலக்குறி ஊருக்கு ஊர் வேறுபடும். வாய்க்காலின் தலைப்பிலுள்ள வயலுக்கும் கடைசியிலுள்ள வயலுக்குமே வேறுபாடு உண்டு. இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்து அமைத்த சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் நெடுந்தூரம் ஓடியே கரையோர வயல்களை அடைகிறது. மாரியிலோ மேட்டு நிலங்களின் வெள்ளம் முழுவதும் தாழ்வான நமது பக்கத்துக்கே இறங்குகிறது. கோடையில் தண்ணீர் கடைசியாக வருகிறது. மாரியில் வெள்ளம் கடைசிவரை நிற்கிறது. கிட்டங்கித் தாம்போதியை மாரியில் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே புதிய இடத்தில் காணி செய்யத் தொடங்குவோர் முதலில் அவ்வூரின் வட்டவிதானையையும் மூத்த விவசாயிகளையும் கண்டு பின்வருவனவற்றைக் கேட்டறிய வேண்டும்.

1. இவ்வட்டைக்கு முதல் தண்ணீர் எப்போது திறப்பார்கள்? கடைசித் தண்ணீர் எப்போது?

2. மழை நீர் எந்தப் பக்கத்தால் வருகிறது? எவ்வழியால் வடிகிறது? எத்தனை நாள் நிற்கும்?

3. பெருவெள்ளத்தின்போது நீர் எந்த மட்டம் வரை ஏறியது? வாடியை எங்கே போடலாம்?

4. எந்த வீதி, எந்தத் தாம்போதி முதலில் மூடப்படும்? பிள்ளைகள் பாடசாலைக்கும் மதரசாவுக்கும் செல்ல மாற்று வழி எது?

5. அயலவர் எத்தனை மாத நெல் விதைக்கின்றனர்? எப்போது விதைக்கின்றனர்?

6. மாடுகளை வயலிலிருந்து அகற்றும் திகதி எது?

இவற்றுட் பல, போக ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுபவை. குத்தகைக்காரர் என்றோ, வந்தேறியவர் என்றோ கூச்சப்பட்டு அக்கூட்டத்துக்குப் போகாமல் விடாதீர்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களும் போக வேண்டும். செய்யும் காணியைக் கமநல நிலையத்தில் பதிவு செய்வது பற்றியும், பசளை மானியம், பயிர்க் காப்புறுதி பற்றியும் விதைப்புக்கு முன்பே விசாரியுங்கள். வெள்ளம் வந்தபின் விசாரிப்பது, காற்று நின்றபின் பாய் விரிப்பதற்கு ஒப்பாகும்.

காலத்தைக் கேளாத கப்பல்

கிறிஸ்தவ வாசகர்கள் அப்போஸ்தலர் பணி நூலின் 27 ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக வாசிக்கலாம். கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட பவுல், கடற்பயணத்துக்குரிய காலம் கடந்துவிட்டது, இனிப் போனால் நட்டமே என்று எச்சரித்தார். நூற்றுவர் தலைவனோ கப்பல் தலைவனையும் கப்பற் சொந்தக்காரனையும் நம்பினான். கிரேத்தாத் தீவை ஒட்டிச் சென்றபோது வடகிழக்கிலிருந்து பெருங்காற்று மோதியது. கப்பல் உடைந்தது. ஆயினும் அதிலிருந்த 276 பேரும் மால்தாத் தீவில் உயிரோடு கரையேறினர்.

இங்கு நாம் கவனிப்பது இரண்டு. காலத்தைப் பற்றிய உண்மையைச் சொன்னவர் அதிகாரமுள்ளவர் அல்லர். கட்டுண்ட ஒரு கைதி. இன்று ஊர்க் கூட்டங்களில் பின்வரிசையில் மௌனமாக இருக்கும் முதியவர்களையும் பெண்களையும் கேட்க நமக்குப் பொறுமை வேண்டும். அடுத்து, காலத்தைத் தவறவிட்டவர்களையும் இறைவன் கைவிடவில்லை. கப்பல் போயிற்று, மனிதர் பிழைத்தனர். அந்நியத் தீவின் மக்கள் மழையிலும் குளிரிலும் அவர்களுக்குத் தீ மூட்டி வரவேற்றனர். இடம்பெயர்ந்து வந்தோரை ஏற்றுக்கொண்ட ஊர்கள் ஒவ்வொன்றும் அந்தத் தீவை ஒத்தவையே.

நிறைவாக

தமிழில் மொன்சூனைப் பருவப்பெயர்ச்சி என்றும் எழுதுகிறோம். இடப்பெயர்ச்சி என்ற சொல்லிலும் அதே பெயர்ச்சி இருக்கிறது. பருவம் பெயர்வது இயற்கை. அது போன வழியே திரும்பியும் வரும். மனிதர் இடம்பெயர்வது இயற்கையால் மட்டும் நேர்வதன்று. 2004 டிசெம்பர் 26 இன் கடற்கோளினால் பெயர்ந்தவர்கள் உண்டு. மனிதர் மனிதருக்குச் செய்த கொடுமையினால் பெயர்ந்தவர்கள் அதைவிட நீண்ட காலம் காத்திருந்திருக்கின்றனர். தமிழரிலும் முஸ்லிம்களிலும் அத்தகையோர் உண்டு. அவர்கள் திரும்புவதற்குக் காற்று மட்டும் மாறினால் போதாது. காணியும் நீதியும் அயலவரின் மனமும் மாற வேண்டும்.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடிய ஒன்றுண்டு. வீட்டிலுள்ள பெரியவரிடம் கேட்டு, விட்டுவந்த வயலின் காலக்குறிகளையும் இப்போது செய்யும் வயலின் காலக்குறிகளையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முதல் மழை விழுந்த நாள், விதைத்த நாள், வெள்ளம் நின்ற நாட்கள், கதிர் வந்த நாள், வெட்டிய நாள் ஆகியவற்றை ஒவ்வொரு போகமும் குறியுங்கள். மாட்டின் குறி அதன் சொந்தக்காரரைச் சொல்வதுபோல, அந்தக் கொப்பி உங்கள் பிள்ளைகளுக்கு அவர்களுடைய வயலைச் சொல்லும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் ஊரில் மாரி தொடங்கியதை எந்த அடையாளங்களைக் கொண்டு அறிவீர்கள்? இப்போது வாழும் இடத்தில் அந்த அடையாளங்கள் பொருந்துகின்றனவா?

2. உங்களுக்குத் தெரிந்த காற்றுகளின் பெயர்களைச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எம்மாதத்தில், எத்திசையிலிருந்து வீசுகிறது?

3. கடந்த பெரும்போகத்தில் நீங்கள் விதைத்த நெல்லின் வயது என்ன? அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் விதைத்த நாள் சரியா?

4. கடைசியாக நடந்த போக ஆரம்பக் கூட்டத்துக்கு உங்கள் குழுவிலிருந்து யார் போனார்கள்? போகாதவர்கள் ஏன் போகவில்லை? அடுத்த கூட்டத்துக்கு அவர்களை அழைத்துச் செல்ல யார் பொறுப்பேற்பார்கள்?